நீரின் கணக்கு சொன்ன ஆசான்

பனியன் துணியின் கனம் பார்க்க வட்டமாக ஒரு வெட்டுக்கருவி வைத்திருப்பார்கள். ஜி.எஸ்.எம். கட்டர் என்று பெயர். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வில்லை வெட்டுப்பட்டு வரும். சென்ற வாரம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அந்த வில்லையைச் சின்னத் தராசில் வைத்தார். 1.8 கிராம். ரோலின் ஓரத்தில் 180 என்று எழுதிவிட்டு அடுத்த ரோலுக்கு நகர்ந்தார். எதற்கு நூறால் பெருக்குகிறீர்கள் என்று கேட்டேன். "இந்த மாதிரி நூறு வில்லை சேர்ந்தா ஒரு சதுர மீட்டர் கணக்கு வந்துருமுங்க" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு மூத்த மாஸ்டரிடம் கைமடித்துத் தொழில் பழகியவர்.

தொழிலின் கணக்கைத் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே விளக்குகிற இவரைப் போன்றவர்களைக் காணும்போது எனக்குப் பேராசிரியர் வா.செ. குழந்தைசாமியின் நினைவு வந்துவிடுகிறது. 2016 டிசம்பர் 10 அன்று அவர் மறைந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் அவரைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று நினைத்து, பக்கம் போதாமல் தள்ளிப்போட்டு வந்தோம். இந்த இதழில் முதல் பக்கமே அவருக்கு.

அவர் 1929இல் வாங்கலாம்பாளையத்தில் பிறந்தவர். நம் நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டு, கோவையையும் திருப்பூரையும் கடந்து, எந்தக் கரூர் மாவட்டத்தில் போய்க் காவிரியில் சேருகிறதோ அந்த மாவட்டத்துக்காரர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், நீரியலில் உலகம் அறிந்த வென் தே சௌவிடம் ஆய்வு செய்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரு விவசாயி கேட்கக்கூடியதுதான்: பெய்த மழையில் எவ்வளவு, எப்போது ஆற்றுக்கு வந்து சேரும்?

அதற்கு அதுவரை சுலபமான வழி ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஓர் அளவு மழைக்கு ஆறு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கோடு வரைந்துகொள்வார்கள். மழை இரண்டு மடங்கு என்றால் கோட்டின் உயரத்தையும் இரண்டால் பெருக்கிவிடுவார்கள். நிலம் அப்படி நேர்விகிதத்தில் நடந்துகொள்வதில்லை என்பதை குழந்தைசாமி சமன்பாட்டில் கொண்டுவந்தார். ஓர் ஆற்றுப் படுகை தண்ணீரைத் தனக்குள் தேக்கி வைக்கும், பிறகு விடும். அந்தத் தேக்கத்துக்கும் வரத்துக்கும் போக்குக்கும் உள்ள உறவு வெறும் பெருக்கல் கணக்கில் அடங்காது. 1964இல் முடிந்த அந்த ஆய்வு அவர் பெயராலேயே குழந்தைசாமி மாதிரி என்று நீரியலில் வழங்குகிறது.

இந்தப் பாடம் திருப்பூருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆர்டர் இரண்டு மடங்கானால் துணி இரண்டு மடங்கு, சாயம் இரண்டு மடங்கு, கூலியும் லாபமும் இரண்டு மடங்கு என்றே இந்த ஊர் கணக்குப் போட்டது. ஆறு அந்தக் கணக்குக்குள் வரவில்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992இல் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது சாயத்தண்ணீரின் தேக்கமாகிவிட்டது. கீழே கிணறுகள் உப்பேறின. தென்னையும் மஞ்சளும் போயின. அணை வேண்டும் என்று கேட்ட விவசாயிகளே அதைத் திறந்து காலி செய்யுங்கள் என்று நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத்தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தி, ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறைக்கு ஊர் மாறியது அதற்குப் பிறகுதான். தேங்கியது எங்கே போகும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால், அத்தனை குடும்பங்கள் நிலத்தை விட்டு இதே பனியன் கம்பெனிகளுக்கு வேலை தேடி வந்திருக்க வேண்டாம்.

கேட்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அளவெடுத்தவர்களும் இருந்தார்கள். அளந்தது பெரும்பாலும் ஆங்கில அறிக்கைகளாகக் கோப்புக்குள் கிடந்தது. கிணற்றுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் கரிக்கிறது என்பதுதான். எவ்வளவு கரிப்பு, எந்த அளவைத் தாண்டினால் பயிர் தாங்காது என்று அவர் மொழியில் சொல்ல ஆள் இல்லை. குழந்தைசாமியின் வாழ்க்கையின் இன்னொரு பாதி இந்த இடத்தில்தான் நமக்கு முக்கியமாகிறது. அறிவியலைச் சொல்லாத மொழி, அதைப் பேசுகிறவர்களுக்குத் துணை நிற்காது என்று அவர் உறுதியாக நம்பினார். அறிவியல் தமிழ் என்றே நூல் எழுதினார். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதைகள் எழுதினார். 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அப்போது அவர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து அந்தப் பொறுப்பில் இருந்தவர்.

தமிழ் எழுத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். இகர, ஈகார, உகர, ஊகார வரிசை உயிர்மெய்கள் 72க்கும் தனித்தனி வடிவம் எதற்கு, நான்கு குறிகள் போதுமே என்பது அவர் கணக்கு. பலர் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. பாட்டி எழுதிய கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடியாமல் போகும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆனாலும் முதன்முதலாக எழுத்துக் கூட்டும் குழந்தையின் சிரமத்தை ஒரு துணைவேந்தர் இத்தனை அக்கறையோடு எண்ணிப் பார்த்தாரே என்பதற்காக அவரை வணங்கத் தோன்றுகிறது. கற்பவரின் பக்கம் நின்று யோசிப்பது அவர் குணம். டெல்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனதும், பிறகு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை உருவாக்கும் பணியைத் தலைமையேற்று நடத்தியதும் அந்தக் குணத்தின் தொடர்ச்சிதான். வகுப்பறைக்கு வர முடியாதவரைத் தேடி வகுப்பறை போக வேண்டும். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பி, தபால்வழிப் பாடத்தைப் பிரிக்கிற செக்கிங் பெண்ணுக்கு இதன் பொருள் தெரியும்.

அவரிடம் நேரில் பாடம் கேட்ட பாக்கியம் எனக்கு இல்லை. படித்தவர்கள் பல துறைகளில் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். ஆசானுக்குச் செய்யும் மரியாதையாக நம்மால் ஆனது ஒன்று உண்டு. அடுத்த இதழிலிருந்து 'தொழில் பக்கம்' தொடங்குகிறோம். நிட்டிங் பிட்டர், சாயப்பட்டறையில் உப்பும் சோடாவும் நிறுத்துப் போடுகிறவர், சுத்திகரிப்பு நிலையத்தில் தினமும் தண்ணீரின் உப்பை அளக்கிறவர், பவர்டேபிள் டெய்லர் எல்லோரும் தங்கள் வேலையின் கணக்கைத் தங்கள் வாய்மொழியில் எழுதலாம். எழுத வராது என்றால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஓவர்லாக்கை ஓவர்லாக் என்றே எழுதுங்கள், சொல்லுக்காகத் தயங்க வேண்டாம். கணக்கு சரியாக இருக்க வேண்டும், படிப்பவருக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான்.

முதல் கட்டுரைக்கு அந்தக் கட்டிங் மாஸ்டரைக் கேட்டிருக்கிறேன். "நானெல்லாம் என்னங்க எழுதறது" என்று கூச்சப்பட்டார். பிறகு அந்த வில்லையை எடுத்து என் கையில் கொடுத்து, "இதையும் படத்துல போடுவீங்களா?" என்று கேட்டார். மேசை மேல் வைத்திருக்கிறேன். 1.8 கிராம்.