கிட்னியைக் கெடுப்பது மாத்திரையா, சர்க்கரையா?

"மெட்பார்மின் போட்டால் கிட்னி போய்விடும்." கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், நடைப்பயிற்சியில் சுகர்காரர்களிடம் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்டவரோ மறுநாளே யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் காட்டும் முதல் சான்று, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலர் வருஷக்கணக்காக சுகர் மாத்திரை போட்டவர்கள் என்பது. உண்மைதான். ஆனால் அத்தனை வருஷமும் அவர்களுக்குச் சர்க்கரை நோயும் இருந்ததே! கட்டுக்குள் வராத சர்க்கரையும் அதோடு சேர்ந்த ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளை வலியே காட்டாமல் அரிக்கின்றன. பழி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாத்திரையின் மேல் விழுகிறது.

"அப்படியென்றால் கிட்னி பழுதானதும் டாக்டரே ஏன் இதை நிறுத்துகிறார்?" நியாயமான கேள்வி. குழப்பத்தின் வேரும் இதுதான். மெட்பார்மின் கல்லீரலில் சிதைவதில்லை; உள்ளே போன வடிவிலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. வடிகட்டி மந்தமானால் மருந்து ரத்தத்தில் தேங்கும். அரிதாக லாக்டிக் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். சாக்கடை அடைத்துக்கொண்டால் குழாயை மூடுகிறோம். அடைத்தது குழாய்த் தண்ணீர் என்று அதற்கு அர்த்தமில்லை. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற எண் 30க்குக் கீழே போனால் இந்த மாத்திரை கூடாது. 30க்கும் 45க்கும் இடையில் புதிதாகத் தொடங்குவதில்லை, ஏற்கெனவே போடுபவருக்குப் பெரும்பாலும் அளவைக் குறைப்பார்கள். அமெரிக்க மருந்து ஆணையம் 2016இல் பழைய தடையைத் தளர்த்தி, கிட்னி வேலை ஓரளவு குறைந்தவர்களுக்கும் இதை அனுமதித்தது. கிட்னியைத் தின்னும் மருந்துக்கு அப்படி அனுமதி கிடைத்திருக்குமா? லாக்டிக் அமிலச் சிக்கலில் பெரிய கெட்ட பெயர் எடுத்தது இதன் உறவுக்கார மருந்தான பென்பார்மின். அது 1970களிலேயே பல நாடுகளில் விலக்கப்பட்டது.

"இது கெமிக்கல், மூலிகைப் பொடி போதும்" என்பது அடுத்தது. மெட்பார்மினின் பூர்விகமே ஐரோப்பாவின் கலேகா என்னும் செடிதான். ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் இதன் பயனை வெளியிட்டார். உடல் பருத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு குறைந்ததை 1998இல் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. பெயர்ச்சீட்டு இல்லாத பொடிக்குள் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

குறையே இல்லாத மருந்து என்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் வயிறு கலக்கும். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பல வருஷம் போட்டால் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் பரிசோதிக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பதற்கு முன் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிட வேண்டும். மிதமிஞ்சிய குடியும் இதுவும் சேரவே கூடாது. வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போனால், டாக்டரிடம் கேட்டு அந்த நாட்களுக்கு மட்டும் நிறுத்திவைத்து, தேறியதும் அவர் சொல்லும் நாளில் மறுபடி தொடங்க வேண்டும்.