வங்கக் கடலின் பெயர் தாங்கிய கிருமி

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வாசிகளுக்கு வங்கக் கடல் சோறிடும் தாய். அந்தக் கடலின் பெயர் ஒரு பொல்லாத கிருமிக்கும் சூட்டப்பட்டிருப்பதை நம்மில் அநேகர் அறியோம்.

'ஸ்டாபிலோகாக்கஸ்' என்னும் அக்கிருமி ஆரோக்கியமுள்ள பலருடைய மூக்கிலும் சாதுவாகக் குடியிருப்பது. 1928-ல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது இக்கிருமி வளர்ந்த தட்டிலேதான். பெனிசிலினுக்குப் பணியாதவற்றை அடக்க 1959-ல் மெதிசிலின் வந்தது. 1961-லேயே அதனையும் மீறும் இனம் இங்கிலாந்தில் தென்பட்டது. இது ஆஸ்பத்திரிக்குள் அடங்கிய தொல்லை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 1997 முதல் 1999 வரை அமெரிக்காவின் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா மாகாணங்களில், ஓடியாடித் திரிந்த நான்கு குழந்தைகள் இதற்குப் பலியாயினர். முதலில் அளித்த மருந்து அக்கிருமியிடம் பலிக்கவில்லை.

நமது பக்கத்து வகையான 'வங்காள விரிகுடா இனம்' 2004-ல் இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் கண்டறியப்பட்டது. பல மருந்துகளுக்கு ஒருங்கே அசையாதது அது. இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிப் பிரயாணிகளோடும் குடும்பங்களோடும் பிற தேசங்களுக்குச் சென்றதென்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. துறைமுகத்தருகே வாழ்வோர் ஏற்றுமதிச் சரக்கு எத்தனையோ கண்டவர்கள். இந்த ஏற்றுமதி தேசத்துக்குப் பெருமை தருமா?

வேர்வையும் நெருக்கமான வீடுகளும் உள்ள இப்பகுதியில் குழந்தைக்குக் கட்டி வருவது சகஜம். உடனே மருந்துக் கடையில் நாமே மாத்திரை வாங்குகிறோம்; ஜலதோஷத்துக்கும் அதையே கொடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு அஞ்சும் கிருமி மடிகிறது, அஞ்சாதது பெருகுகிறது. வீரியமுள்ள பல மருந்துகளைச் சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2014 மார்ச்சில் 'எச்-1' அட்டவணை அமலுக்கு வந்தது. வாங்குவோர் வற்புறுத்தினால் சட்டம் என்ன செய்யும்?

தாய்மார்கள் கட்டியைப் பிதுக்கலாகாது. புண்ணை மூடி வைத்து, தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுக. குழந்தைகளுக்குத் துவாலை தனித்தனியே இருக்கட்டும். சிறு கட்டிகள் பலவற்றுக்கு டாக்டர் கீறிச் சீழை வடிப்பதே பிரதான சிகிச்சை. அந்தச் சீழைச் சோதித்தால் எந்த மருந்து பலிக்கும் என்பது தெரியவரும். அதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

கட்டியோடு கடும் ஜுரமோ, மூச்சுத் திணறலோ, காலை ஊன்ற மாட்டாத வலியோ கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி இராயபுரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இத்தகைய நோயில் ஓர் இரவும் நீண்ட காலமே.