ஏரிக்கரை யாருது?

பாகூர் பக்கம் மனை வாங்க வர்றவங்ககிட்ட புரோக்கர் சொல்ற முதல் வார்த்தை, "ஏரிக்குக் கீழ இருக்கு சார், கிணத்துல தண்ணி வத்தாது." நெசம்தான். அந்தக் 'கீழ'ங்கிற வார்த்தையைத்தான் யாரும் யோசிக்கிறதில்ல.

புதுச்சேரி பகுதியில மொத்தம் 84 ஏரி. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெருசு. எல்லாமே மண்கரை. கரைக்குக் கீழ நெல்லு இருந்தவரைக்கும், உடைஞ்சா ஒரு போகம் போகும். இப்ப அதே இடத்துல வீடு. கரை பழைய கரைதான், உடைஞ்சா போறதுதான் வேற.

2021-ல அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 15 மீட்டருக்கு மேல உயரம் இருக்கணும். 10-லேர்ந்து 15 வரைன்னா நீளம், கொள்ளளவுன்னு நிபந்தனை. எங்க ஏரிக்கரை எதுவும் 10 மீட்டரைத் தொடாது. ஆக, பெரிய அணைக்கு ஆய்வுக் குழு, எங்களுக்கு ஐயனார்.

சின்ன அணைதானேன்னு நினைக்காதீங்க. மகாராஷ்டிரா ரத்னகிரி மாவட்டத்துல திவரே அணை, 2019 ஜூலை 2 ராத்திரி உடைஞ்சு 20 பேர் கிட்ட செத்தாங்க. கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அமைச்சரோ நண்டு மேல பழி போட்டார். நண்டு வளை தோண்டும், எலியும் தோண்டும், அதுங்க வேலை அது. அதைப் பாத்து அடைக்க ஆள் இருந்தாங்களாங்கிறதுதான் கேள்வி. அது அரசாங்க அணை. கென்யாவுல சோலாயில 2018 மே மாசம் உடைஞ்சது தனியார் பண்ணை அணை. அங்கயும் 40 பேருக்கு மேல போனாங்க. பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு தண்ணி பாக்கிறதில்ல.

கரை பாக்கிறது ஒரு தொழில். பனைமரம் கரையில நிக்கலாம், அதோட சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும். பெரிய மரம் பட்டுப்போனா வேர் மக்கி உள்ள குழாய் மாதிரி ஓட்டை விழும். மதகு கட்டடமும் மண்ணும் சேர்ற இடத்தை அடிக்கடி பாக்கணும். வெளிப்பக்கம் தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா கண்ணு வச்சுக்கணும். கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். அப்ப அந்த வாயில களிமண்ணை வச்சு அடைச்சா தண்ணி வேற வழி தேடும். மணலும் ஜல்லியும் பரப்பி, சுத்தி மூட்டை அடுக்கணும். தண்ணி வரலாம், மண்ணு வரக்கூடாது. எல்லாத்துக்கும் மேல கலுங்கு. ரெண்டு அங்குலம் கூட நிக்கட்டும்னு கலுங்கு மேல மூட்டை போடுறான் பாருங்க, அவன்தான் ஊருக்கு எமன்.

பிரெஞ்சுக்காரன் காலத்துல இதுக்கு 'சிந்திகா'ன்னு விவசாயிங்க சங்கம் இருந்துச்சு. ஆயக்கட்டுக்காரங்க பணம் போட்டு வாய்க்கால், மடை, கரை எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்க. போர் வந்துச்சு, போர் போட்டவருக்கு ஏரி எதுக்கு? 1999-ல ஐரோப்பிய ஒன்றியத்துப் பணத்துல ஏரிங்களைச் சீர் பண்ணி, ஊருக்கு ஊரு சங்கமும் ஆரம்பிச்சாங்க. திட்டம் முடிஞ்சுது. எங்க பக்கம் சங்கம் இப்ப பேரளவுலதான் இருக்கு.

2024 நவம்பர் 30 பெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல அரை மீட்டர் கிட்ட மழை. அடுத்து சாத்தனூர் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கத்து ஊருங்க மூழ்குச்சு. அந்த ராத்திரி டார்ச்சோட எங்க கரையில நின்னது அஞ்சாறு விவசாயிங்க. கரைக்குச் சொந்தக்காரங்கன்னு ஏட்டுல இருக்கிறவங்க யாரும் இல்ல.

பட்டா அரசாங்கத்துக்கிட்டயே இருக்கட்டும், எனக்கு வேணாம். ஆனா மீன் குத்தகைப் பணமும் மர ஏலப் பணமும் ஊர் சங்கத்துக்கு வரணும், அந்தப் பணத்துல மழைக்காலத்துக்குக் கரைக்காவல் போடணும். பெரிய வேலை அரசாங்கம் செய்யட்டும். கீழ வீடு கட்டினவங்களும் அந்தச் சங்கத்துல சேர்ந்து பங்கு கட்டணும். நெல்லு போட்டாதான் ஆயக்கட்டுக்காரரா? கரை உடைஞ்சா முதல்ல நனையப்போறது உங்க ஹால்தானே.

மனை பாக்க வர்றவங்க கோடையில வராதீங்க, ஐப்பசி கார்த்திகையில வாங்க. கரைமேல ஒரு நடை நடங்க. கலுங்கு எங்க இருக்கு, அது வழிஞ்சா தண்ணி எந்த வாய்க்கால்ல போகும்னு வயல்ல நிக்கிறவரைக் கேளுங்க. அந்த வாய்க்கால் மேல கல்லு நட்டிருந்தா, அட்வான்ஸ் குடுக்காதீங்க.