புயலோடு முடியாத கதை

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் நான். ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டனின் கதையை நம் சபைகளில் பாதியிலேயே நிறுத்திவிடுவதில் எனக்கு மனம் ஆறவில்லை.

1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் கப்பல் உடையும் நிலைக்கு வர, ஆண்டவரைக் கூப்பிட்டார், பிழைத்தார், மனந்திரும்பினார். அத்தோடு ஆமென் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்கே கேப்டன் ஆனார். ஜெபமும் நடந்தது, வியாபாரமும் நடந்தது. உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் பெருவிரல்களைத் திருகுக் கருவியில் மாட்டியதைத் தன் கப்பல் குறிப்பேட்டில் அவரே எழுதிவைத்திருக்கிறார். 1754இல் உடம்பு முடியாமல் போனபோதுதான் கடலை விட்டார். 1764இல் குருவானவர்.

அழைப்பு அதோடு நிற்கவில்லை. அரசியலை விட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்று தவித்த, பின்னாளில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸை நாடாளுமன்றத்திலேயே இருக்கச் சொன்னவர் அவர்தான். 1788இல் தன் குற்றத்தையே அச்சிலேற்றினார்: கப்பலின் ஐந்தடி உயர அறையை இரண்டு தட்டாக்கி, புரண்டு படுக்க இடமின்றி மனிதரை அடுக்கியதை விவரமாக எழுதினார். தன்னை உத்தமனாகக் காட்டாத சாட்சி அது. அதனால்தான் அவரை நம்புகிறேன்.

பாவியைத் தேவன் அழைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கந்துவட்டிக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தால் நாம் மகிழ்ந்து அல்லேலூயா சொல்கிறோம், சரிதான். பிடித்துவைத்த பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தீர்களா, ஐயா, என்றும் அன்றே கேட்க வேண்டும்.