நிறுத்தினால் துரு, ஓட்டினால் ரூ.10 ஆயிரம்: 'மதராஸ் ஹெரால்டு' கார்களுக்கு வந்த சோதனை!

சென்னை:

தாத்தா வாங்கிய கார். அப்பா ஓட்டிப் பழகிய கார். இப்போது சாவி பேரன் கையில். 'வித்துடலாம்னா மனசு வரலை, வச்சுக்கலாம்னா வழி தெரியலை' என்ற புலம்பல், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கும் வீடுகளில் வாடிக்கையாகிவிட்டது.

காரணம் மூன்று. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் எகிறிவிட்டது. பங்க்கில் ஊற்றும் பெட்ரோலின் குணமே மாறிவிட்டது. 'விண்டேஜ்' என்று புதிதாக ஒரு பதிவு முறை வந்திருக்கிறது, அதில் போனால் காரை இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 'காரை மூலையில் நிறுத்து' என்றே எல்லாம் சொல்வது போல இருக்கிறது. ஆனால் பழைய காருக்கு எமன் ரோடு அல்ல, மூலைதான்!

நம்ம ஊரு பிரிட்டிஷ் கார்

1960-களில் கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் பியட், மதராசில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கார்கள்தான் நாட்டை ஆண்டன. இதில் ஸ்டாண்டர்டு, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்-பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் தயாரானது.

இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த குடும்பக் கார்தான், 1961 முதல் இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. என்ஜின் 948 சி.சி. வட்டமடிக்க 25 அடி போதும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சந்துகளில் இந்தக் கார் சட்டென்று திரும்பியதன் ரகசியம் இதுதான்.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே 1963-ல் மறைந்துவிட்டது. சென்னையில் அது 1980-கள் வரை உயிரோடு இருந்தது. ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் 'கெஸல்' வந்தது. கடைசியாக 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்து தோற்றது. 1988-ல் உற்பத்தி நின்றது.

ஆலை போய்விட்டது. கார்கள் இன்னும் சில வீட்டு ஷெட்களில் தார்ப்பாய்க்குள் தூங்குகின்றன.

பறிமுதல் பயம் வேண்டாம்

'15 வருஷம் ஆனா வண்டியைப் பிடிச்சு உடைச்சிடுவாங்க' என்ற பேச்சைக் கேட்டு அவசரப்பட்டு காயலான் கடைக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் சொந்தக் கார்களுக்கு அப்படி வயது தடை கிடையாது. அந்தக் கெடுபிடி டெல்லி சுற்றுவட்டாரத்து மாசுப் பிரச்சினைக்காக வந்தது.

இங்கே சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டு வரை செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சிக்கல் கட்டணத்தில்தான். 15 ஆண்டு கடந்த காருக்கு ரூ.600 ஆக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ரூ.10 ஆயிரம் என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் விதியைத் திருத்தியது. பசுமை வரி தனி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வயதுள்ள பிரிட்டிஷ் கார் கப்பலில் இறக்குமதியாகி வந்திருந்தால் கட்டணம் ரூ.80 ஆயிரம்! சென்னையில் செய்த ஹெரால்டு உள்ளூர் கார் என்பதால் ரூ.10 ஆயிரத்தோடு தப்பித்தது.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. புதுப்பிக்கத் தாமதமானால் மாதத்துக்கு ரூ.500 கூடுதலாகக் கட்ட வேண்டும். 3 ஆண்டு மறந்துவிட்டால் இதுவே ரூ.18 ஆயிரம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஷெட்டில் நிறுத்திய வண்டிக்கும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுக்கு மாற்ற படிவம் 31 இருக்கிறது. இதை முடிக்காமல் மெக்கானிக்கிடம் போவது, பத்திரம் இல்லாத மனையில் வீடு கட்டுவது மாதிரி.

விண்டேஜ் பதிவு: லாபமா, வம்பா?

50 ஆண்டு கடந்த சொந்த வாகனங்களுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. ஹெரால்டு கார்கள் அத்தனையும் இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டன. தொடக்க கால கெஸல்களும் வரிசையில் சேர்ந்துவிட்டன.

படிவம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி. இவற்றோடு ரூ.20 ஆயிரம் கட்டினால் 10 ஆண்டுக்குப் பதிவு கிடைக்கும். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம்தான். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். 60 நாளில் சான்று தர வேண்டும் என்பது விதி.

கணக்குப் போட்டால் சாதாரணப் பதிவும் 10 ஆண்டுக்கு ரூ.20 ஆயிரம்தான், விண்டேஜும் ரூ.20 ஆயிரம்தான். அப்புறம் மறுபதிவில் விண்டேஜ் மலிவு. ஆனால் இரண்டு முடிச்சு இருக்கிறது.

முதல் முடிச்சு: விண்டேஜ் ஆக்கிவிட்டால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் பார்ப்பது, இதற்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போய் வர அந்தப் பட்டியலில் இடமில்லை.

இரண்டாவது முடிச்சு: சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. செலவைக் குறைக்க வேறு என்ஜினைத் தூக்கி மாட்டிய வண்டி என்றால் அந்தக் கதவு அங்கேயே மூடிவிடும்.

பெட்ரோல் செய்யும் வேலை

2025-ல் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 2030-க்கு வைத்திருந்த இலக்கு 5 ஆண்டு முன்னதாகவே முடிந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந் தேதி தள்ளுபடி செய்தது.

1960-களில் செய்த கார் இந்தப் பெட்ரோலைக் கனவிலும் கண்டதில்லை. எத்தனால் அந்தக் காலத்து ரப்பர் ஓஸை ஊற வைத்து, பிறகு வெடிக்க வைக்கும். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு தளர்ந்து போகும். ஓஸ் கசிந்து சூடான என்ஜின் மீது சொட்டினால் விபரீதம்தான்.

எத்தனாலில் பெட்ரோலை விட சக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. புதிய கார்களில் கம்ப்யூட்டர் அளவைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய் என்ஜின் சூடேறும், இழுவை குறையும்.

எல்லாவற்றையும் விட மோசமானது ஈரம். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை கடற்காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் காரின் பாதி டேங்க் பெட்ரோல், உள்ளிருந்தே டேங்க்கை அரிக்கும். வாரம் ஒருமுறை ஓடுகிற கார் இந்தப் பெட்ரோலைச் சமாளித்துவிடும், நிற்கிற கார் தாங்காது. விதி நிறுத்தச் சொல்கிறது, பெட்ரோலோ நிறுத்தினால் கெடுக்கிறது!

பரிகாரம் பெரிய செலவு இல்லை. எத்தனாலைத் தாங்கும் ஓஸ், புது பம்ப் தகடு, புது பில்டர் போட வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டிலேயே நின்றுவிட்டதால், ஹெட்டைக் கழற்றும்போது லேத் பட்டறையில் கொடுத்து கடினமான வால்வு சீட் போட்டுக்கொள்வதும் புத்திசாலித்தனம்.

சீர் செய்ய சுலபம், மறந்தால் ஆபத்து

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தக் காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றலாம். அந்தக் காலத்தில் பாடி செய்து தந்து வந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேஸிஸ் மீது போல்ட் போட்டு இணைக்கும்படி இதை வடிவமைத்தார்கள். அன்று வேறு வழியில்லாமல் செய்தது, இன்று ரிப்பேருக்கு வரமாகிவிட்டது.

முன் மட்கார்டும் பானட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். டயர் மீது உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். ஆனால் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் எடுத்துக்கொண்டு போனால் போல்ட் முனைதான் மழுங்கும். இது இன்ச் அளவு வண்டி.

முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, சேஸிசை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில்தான் துரு முதலில் குடியேறும். பளபளவென்று பெயின்ட் அடித்து, அடியில் பட்டி பூசி மறைத்த வண்டியை வாங்கினால் பணம் போச்சு.

அடுத்தது 'ட்ரனியன்'. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரை போல இருக்கும் வெண்கல பாகம் இது. இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராது, தண்ணீர் புகுந்து தண்டு அரிக்கும். ஒருநாள் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சில சொட்டு ஆயிலில் தவிர்க்கக் கூடிய விபத்து இது.

நின்ற காரில் பிரேக் சிலிண்டர் இறுகிவிடும். ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று ரோட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன் பிரேக் ரப்பர், பிரேக் ஆயில், டயர் மூன்றையும் மாற்றியே ஆக வேண்டும். டயரில் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் வயதானால் வெடிக்கும்.

சாமான் கிடைக்குமா? ஹெரால்டின் முன்பக்க பாகங்கள் பலவற்றை, 1980 வரை வந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் காரும் பயன்படுத்தியது. அதனால் இங்கிலாந்தில் அவை இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. வரவழைக்கலாம், சுங்க வரி உண்டு.

ஆனால் 4 கதவு 'மார்க் 3' ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது. இங்கிலாந்தில் வந்த ஹெரால்டுக்கு 2 கதவுதான். எனவே பின்கதவுத் தகடு வெளிநாட்டில் தேடினாலும் கிடைக்காது. புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கையால் தகடு தட்டும் டிங்கர்தான் கதி. அந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை.

பிறந்த ஊரில் ராஜமரியாதை

ஹெரால்டு பிறந்த இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே 40 ஆண்டு கடந்த காருக்குச் சாலை வரி கிடையாது. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத பழைய கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலும் விலக்கு உண்டு. தினசரி ஓட்டுவதற்கும் தடையில்லை.

2021 செப்டம்பரில் அங்கே 10 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதத்துக்கு மேல் கலக்காத உயர் ரகப் பெட்ரோலும் தொடர்ந்தது. விலை கூடுதல்தான், ஆனால் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ள வழி விட்டார்கள்.

புகையைக் குறைக்க வேண்டும், கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற அரசின் கவலை நியாயமானதே. பழைய காரில் சோதனை தளர வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. பிரேக் பிடிக்காத கார் யாருடையதாக இருந்தாலும் ஆபத்துதான்.

ஆனால் மாதத்துக்கு நாலு நாள் ஓடும் சில பழைய கார்களால் நகரத்துப் புகை கூடிவிடப் போவதில்லை. விண்டேஜ் பதிவில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அனுமதி, பெரிய நகரங்களில் சில பங்க்குகளிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோல், இந்த இரண்டு சலுகை போதும். அரசுக்குச் செலவும் பெரிதாக இல்லை.

அதுவரை, குடும்பத்தோடு ஓட்ட நினைப்பவர்களுக்கு சாதாரணப் பதிவே தோது. ரூ.10 ஆயிரம் வலிக்கும். ஆனால் 5 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் ரூ.167 கூட வராது. என்ஜின் மாற்றாத, கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டி என்றால் விண்டேஜ் பதிவு சரி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தார்ப்பாய் போட்டு மறந்துவிடுவது மட்டும் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், பீச் ரோட்டில் ஒரு ரவுண்டு. ஹெரால்டுக்கு இதைவிட நல்ல மருந்து எந்தப் பட்டறையிலும் கிடையாது!