ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் பேர் உண்டு

சமையலில் ஏதுங்க சாதி என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தமிழில் வந்திருக்கிற சமையல் புத்தகங்களில் கைக்குக் கிடைக்கிற பத்தை எடுத்துப் புரட்டுங்கள். பெண்கள் பத்திரிகைகள் போடுகிற ‘ஞாயிறு ஸ்பெஷல்’ இணைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுக் கோழி இருக்கும். கொங்குநாட்டு வெள்ளாட்டுக் குழம்பு இருக்கும். ஐயங்கார் வீட்டுப் புளியோதரை இருக்கும். ஊர்ப்பேரும் சாதிப்பேரும் தாங்கி, சட்டமாக உட்கார்ந்திருக்கும். இப்போது மாட்டுக்கறிக் குழம்பைத் தேடுங்கள். பன்றிக்கறியைத் தேடுங்கள். அபூர்வமாக எங்காவது தென்பட்டால் அது கேரளத்துக் கணக்கில் ‘பீஃப் ஃப்ரை’ என்று இருக்கும். சேரிக்குச் சமையல் கிடையாது, பசி மட்டும்தான் உண்டு என்பது இவர்கள் முடிவு.

இதைப் பார்ப்பனியத்தின் சைவத் திமிர் என்று எழுதி முடித்துவிட்டுப் போகலாம். நம் தோழர்கள் பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. இந்தியப் பதிவாளர் நாயகத்தின் 2014ஆம் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் நம்மைத் தள்ளி வைக்கிற கோட்டைப் போட்டது யார்? கறி தின்கிறவன்தான் போட்டான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் போட்டான். சனிக்கிழமை ராத்திரியே ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைக்கிற சாதி இந்து, எதிர்த்தெருவில் மாட்டுக்கறி கொதிக்கிற வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறான். இந்தக் கோட்டைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

ஞாயிறு பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்கு வாங்க. பொம்பளைகள் ஒருத்தர் வீட்டுச் சட்டியை ஒருத்தர் வாசலில் இருந்தே விசாரிப்பார்கள். “இன்னாக்கா, ஒங்க ஊட்ல இன்னா கொழம்பு?” “கறிதான்டி. முள்ளங்கி போட்டு வெச்சிருக்கேன்.” கறி என்றால் மாட்டுக்கறி. அதற்கு அடைமொழி தேவையில்லை. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராத கறி. “முத்தலா இருந்தா பப்பாளிக் காய தோலோட ரெண்டு துண்டு போடு, பூவா வெந்துடும்” என்பாள் ஒருத்தி. “சுடுதண்ணியில சுண்ணாம்பு கரைச்சு ஊற வெச்சுச் சுரண்டு, போட்டி வெள்ளையா வந்துடும்” என்பாள் இன்னொருத்தி. மீந்த கறியை வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் கூலி இல்லாத நாளில் அதைத் தணலில் சுட்டு இடித்தால் கஞ்சிக்கு வேறெதுவும் வேண்டாம். பப்பாளிப் பால் கறியை இளக்கும், உப்பு கறியைக் கெடாமல் காக்கும் என்பதைப் புத்தகம் படிக்காத எங்கள் அம்மாக்கள் கையாலேயே கண்டுகொண்டார்கள். ஒரு கிண்ணம் குழம்பு நாலு வீடு சுற்றி வரும். இது சமையல் கலை இல்லையென்றால் வேறெது சமையல் கலை?

திங்கட்கிழமை விடிந்தால் அதே வீட்டில் பேச்சு மாறுகிறது. முந்தின நாள் குழம்பு மறுநாள்தான் ருசி கூடும். ஆனால் காலேஜுக்குப் போகிற பெண் அதை டப்பாவில் போடாமல் எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொண்டு போகிறாள். ஆபீஸில், ஹாஸ்டலில், “நேத்து ஒங்க வீட்ல என்ன ஸ்பெஷல்?” என்று கேட்பார்கள். சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலத்தான் இருக்கும். நமக்கு அது சாதிச் சான்றிதழ் கேட்பது. ‘மட்டன்’ என்று ஒரு சொல்லைச் சொல்லித் தப்பிக்கிறது நம் பிள்ளை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் “நீங்க என்ன சாப்பிடுவீங்க?” என்று அதே கேள்வி வேறு குரலில் வரும். நான் ஏறி இறங்கிய வீடுகளில் ஒரு வீட்டுக்காரர், “ஆடு, கோழின்னா பரவால்ல தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாதவன் நம்மில் எவனும் இல்லை.

பேரிலேயே சூது இருக்கிறது. ‘பீஃப்’ என்று இங்கிலீஷில் சொன்னால் அது நாகரிகம், முற்போக்கு. ‘மாட்டுக்கறி’ என்று தமிழில் சொன்னால் சேரி. தமிழ், தமிழர் பண்பாடு என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்கிறேன்: அகநானூற்று 309ஆம் பாட்டை என்ன செய்வீர்கள்? மழவர்கள் வேம்பின் அடியில் கொழுத்த பசுவை வெட்டி, ரத்தத்தைத் தூவிப் படைத்து, புழுக்கிய கறியைத் தின்றதை அந்தப் பாட்டு சொல்கிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் இப்படிப்பட்ட இடம் வரும்போதெல்லாம் ‘ஊன் உணவு’ என்று ஒரு சொல்லில் கடந்து போனார்கள். இலக்கியத்தில் இருந்தால் ஊன், எங்கள் சட்டியில் இருந்தால் தீட்டா?

அரசும் இதே கோட்டின் மேல்தான் நடக்கிறது. மாடு, எருமையை வெட்ட வேண்டுமானால் அது 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லாதது என்றோ, நிரந்தரமாக முடமானது என்றோ சான்று வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். ஆட்டுக்கு இப்படி வயசு கேட்கிறவர் யாருமில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூர் தோல் தொழில் ஊர். தலித்துகளும் முஸ்லிம்களும் உழைக்கிற ஊர். மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கிற ஊர். அந்த ஊர்த் திருவிழாவிலேயே மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. திராவிடக் கட்சி ஆளும் நாட்டில் நடந்தது இது. உத்தரப்பிரதேசத்தை மட்டும் கைகாட்டிக்கொண்டிருக்க முடியாது.

“அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே” என்று நம் ஆட்களே சிலர் கேட்கிறார்கள். 1927இல் மகாத் மாநாட்டில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரான் வீட்டுச் செத்த மாட்டை இழுத்துப் போடுகிற அடிமைத்தனத்தோடு ஒட்டி வந்த கறி அது. 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், ஒரு காலத்தில் மாட்டுக்கறி தின்ற பார்ப்பனர்கள் பௌத்தத்தை வீழ்த்துவதற்காக அதை விட்டார்கள், விடாமல் செத்த மாட்டின் கறியைத் தின்றுவந்தவர்கள் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்று அவரே வாதிட்டார். குற்றவாளி யாரென்று அவர் தெளிவாகக் காட்டியிருக்கிறார். உழைத்த காசைக் கொடுத்துக் கடையில் வாங்குகிற கறிக்கு நாம் யாரிடம் வெட்கப்பட வேண்டும்?

பேரைச் சொல்வது லேசான காரியம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருந்த கறி என்ன கறி என்ற சந்தேகத்திலேயே 2015 செப்டம்பரில் தாத்ரியில் முகமது அக்லாக்கை அடித்துக் கொன்றார்கள். வீடு போகும், வேலையில் முகம் திரும்பும். அதனால்தான் ஒவ்வொருத்தரும் தனியாகச் சொல்லித் தனியாக அடிபட வேண்டாம், சேர்ந்து சொல்வோம் என்கிறேன். மாட்டுக்கறி விருந்துப் போராட்டங்கள் தேவைதான். ஆனால் விருந்தில் ஆம்பளைகள் மைக் பிடித்துப் பேசிவிட்டுத் தின்றுவிட்டுப் போகிறோம். சமைத்தவள் பேரும் அவள் பக்குவமும் எந்த நோட்டீஸிலும் இல்லை. மகாராஷ்டிரத்தில் வேலை நடந்திருக்கிறது. புனே பல்கலைக்கழகப் பெண்ணிய ஆய்வு மையம் 2009இல் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தது. ஷாகு பாடோளே 2015இல் மராத்வாடா தலித் சமையலைப் பற்றி மராத்தியில் தனி நூலே எழுதினார். 2024இல் அது இங்கிலீஷிலும் வந்துவிட்டது. தமிழில் நாம் கவிதை எழுதியிருக்கிறோம், நாவல் எழுதியிருக்கிறோம், குழம்பு வைக்கிற முறையை எழுதவில்லை.

எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க அம்மாவோ அத்தையோ அக்காவோ அடுப்புக்கு முன்னால் உட்காரும்போது நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். மாணவத் தோழர்கள் முதலில் தொடங்கலாம். எத்தனை கிலோ கறி, எவ்வளவு இஞ்சி பூண்டு, எவ்வளவு நேரம் அடுப்பு, என்ன காய் சேர்த்தார்கள், எந்த ஊர் என்று எழுதுங்கள். சமைத்தவருக்குச் சம்மதமானால் பேரையும் போடுங்கள். மட்டன் என்று மாற்றாதீர்கள். பீஃப் என்றும் மாற்றாதீர்கள். மாட்டுக்கறிக் குழம்பு என்றே எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள்.