இரும்புப் பெருமை இருக்கட்டும், ஓர் உலை போடுவோம்

சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று சொல்லும் ஆய்வறிக்கையைத் தமிழ்நாடு முதல்வர் மு.க. ஸ்டாலின் 2025 ஜனவரி 23 அன்று வெளியிட்டார். யாங்கோன் முதல் டொரண்டோ வரை தமிழர் கைபேசிகளில் அந்தச் செய்தி சுற்றியது. பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அதைப் பகிர்ந்த வீடுகளில் ஓர் ஆணியையாவது சிவக்கக் காய்ச்சி வளைத்துப் பார்த்த பிள்ளை எத்தனை பேர்?

கொல்லுப்பட்டறை உலை ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. கரி, காற்று, களிமண் மூன்றும்தான் அதன் உயிர். ஒரு பழைய இரும்புச் சட்டியில் மணல் கலந்த களிமண்ணை மெத்தி, நடுவில் கிண்ணம் போலக் குழி விட்டு, பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாயைச் செருகினால் போதும். மண் பல நாள் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு தீ மூட்டினால் வெடித்துச் சிதறும். குழாயில் துத்தநாகப் பூச்சு இருக்கக் கூடாது, சூடேறினால் அந்தப் புகை நஞ்சு. மற்றபடி விறகுக்கரி, ஒரு குறடு, ஒரு சுத்தியல், பட்டடைக்குப் பதிலாகக் கனமான ஒரு இரும்புத் துண்டு. தண்டவாளத் துண்டு கிடைத்தால் ரொம்ப நல்லது.

காற்றுக்கு நம் ஊரில் தோல் துருத்தி. மியான்மரில் இன்லே ஏரிப் பக்கத்துக் கொல்லர்கள் இரண்டு குழாய்களை நிமிர்த்தி நட்டு, இறகு கட்டிய தண்டுகளை மாறி மாறி மேலும் கீழும் இழுத்து ஊதுகிறார்கள். அடிக்கடி கரண்ட் போகும் யாங்கோனில், மின்சாரம் கேட்காத தொழில்நுட்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவே வேண்டாம்.

"படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். இதுவும் படிப்புதான். சிவந்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் வெப்பம் ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ். செஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லப் பழகும் பிள்ளைக்கு இயற்பியல் மனப்பாடமாக இருக்காது. கொடுமணலில் உலை மூட்டியவர்களும் இப்படிக் கண்ணால் பார்த்துக் கற்றவர்கள்தானே?

சிலர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம் உண்டு. "அது கொல்லர் வேலை, நமக்கு ஏன்?" கப்பலேறி வந்தபோது மூட்டையோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். பபேடான் காளியம்மன் கோயிலில் அம்மன் கையிலுள்ள சூலத்தைக் கும்பிடுவோம். சூலம் அடித்த கைக்குச் சரிசமமாக நாற்காலி போட யோசிப்போம். இரும்பு தமிழனின் பெருமை என்றால், இரும்படிப்பதும் எல்லாத் தமிழனுக்கும் பெருமைதான், தமிழச்சிக்கும் சேர்த்து. பரம்பரைக் கொல்லர் இருக்கும் இடத்தில் அவரை ஆசிரியராக அழைத்து, உரிய சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்வதே முறை.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பபேடானின் நெருக்கமான அடுக்குமாடியில், பால்கனியில் இதைச் செய்யவே கூடாது. மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். தன்லினிலோ பகோவிலோ உறவுக்காரர் வீட்டுத் திறந்த கொல்லை நல்ல இடம். பருத்தி உடை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி மணல், கூடவே ஒரு பெரியவர் கட்டாயம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்த் தீ விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் ஆண்டுவிழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கின்றன, பாட்டுப் போட்டி வைக்கின்றன. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் உலையும் வைக்கட்டும். பிள்ளைங்க ஆளுக்கொரு கொக்கி அடித்து வீட்டுச் சுவரில் மாட்டட்டும். ஐயாயிரம் வருஷக் கதையை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல அந்தக் கோணல் கொக்கி போதும்.